முழுப்படமும் கதை இல்லாத படமும்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் ஆள் தெரியாது. 'முழுப்படம்' என்று கேட்டால் பத்துப் பேர் ஒரே சமயத்தில் மடிப்பு மேஜைப் பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர், நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பாய்லர்காரர். ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைத் திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் சொல்ல ஆரம்பித்தால், டைட்டிலில் யார் பெயர் முதலில் வந்தது என்பதில் தொடங்கி, எந்த வசனத்தோடு இடைவேளை விட்டார்கள் என்பது வரை ஒன்றையும் விடமாட்டாள். கதாநாயகிக்குக் குரல் மெலியும். வில்லனுக்கு மூக்கு விடைக்கும். மாமியார் பாத்திரம் வந்துவிட்டால் தானாகவே இடுப்புக்குக் கை ஏறும்.

"இதுக்கு மேல தியேட்டருக்கு எதுக்குப் போகணும்?" என்பார் பாய்லர்காரர். "படமே இவ்வளவு நல்லா இருக்காது."

பன்னிரண்டு வருஷமாக அந்த அரை மணி நேரம்தான் அவளுடைய ராஜ்ஜியம். வீட்டில் அவள் பேச்சு எடுபடாது. கணவர் பெயிண்ட் கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு பேசிவிட்டு வருகிறவர். வாசற்படியில் செருப்போடு வாயையும் கழற்றி வைத்துவிடுவார். மாமியாருக்குக் காது மந்தம் என்று சொல்லிக்கொண்டார்கள். வேண்டாத பேச்சுக்கு மட்டும்தான் மந்தம் என்பது மருமகளுக்குத் தெரியும். ஆக, அவள் வாய் திறந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிற இடம் அந்தச் சலவைக்கூடம் ஒன்றுதான்.

அதே கூடத்தில், அதே மடிப்பு மேஜையில், அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்தவள் சின்னவள். கொழுந்தனுடைய மனைவி, அதாவது ஓரகத்தி. ஒரே வீட்டின் மாடியில் குடியிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் முழுப்படம்தான் சூப்பர்வைசர் அம்மாவிடம் நாலு தடவை நடந்து அவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். சின்னவள், கேட்டதற்கு ஒரு வார்த்தை சொல்வாள். கேட்காததற்கு அதுவும் இல்லை. "எங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசறேன்" என்று முழுப்படம் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து தகடு மாதிரி வெளியே வருகிற விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து மூலைகளை ஒன்று சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போய் அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. ஆக, அந்த இரண்டு பேரும் ஒரு நாளைக்கு நானூறு முறை நேருக்கு நேர் நடந்து வந்து விரல் தொட்டுப் பிரிந்தார்கள். புருஷன் பெண்டாட்டிகூட அத்தனை முறை முகம் பார்த்திருக்கமாட்டார்கள்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு ஆலோசகர் அம்மா வந்திருந்தார். நோயாளிகளின் மனசை மட்டும் பார்த்தால் போதாது, வேலை செய்கிறவர்களின் மனசையும் பார்க்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லி, புதன்கிழமை மதியம் விரிவுரைக் கூடத்தில் ஒரு படம் போட ஏற்பாடு செய்தார். ஒரு பிரிவுக்கு இரண்டு பேர் வரலாம் என்று தாள் வந்தது. சலவைப் பிரிவில் யாரை அனுப்புவது என்ற கேள்வியே எழவில்லை.

"நீ போய்ட்டு வா. வந்து எங்களுக்குச் சொல்லு" என்றார் சூப்பர்வைசர் அம்மா. "கூட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போ."

முழுப்படம் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். யாரை அழைத்துப் போனாலும் திரும்பி வந்து நடுநடுவே எடுத்துக் கொடுக்கும், திருத்தும், 'அதுக்கு முன்னாடி ஒண்ணு வந்துச்சே' என்று குறுக்கே பாயும். வம்பே இல்லாத ஆள் ஒன்றுதான்.

"சின்னவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

அப்படித்தான் தன் கையாலேயே தனக்குப் போட்டியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

படம் ஒன்றரை மணி நேரம். அதில் வசனம் இல்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை. முதலில் கடல் வந்தது. அது போதும் போதும் என்கிற வரை கடலாகவே இருந்தது. பிறகு உப்பளத்தில் சில பெண்கள் கூடை சுமந்தார்கள். யாரோ ஒருவன் கல் உடைத்தான். எறும்புகள் வரிசையாகப் போயின. ஒரு பெரிய நகரத்தில் ஆயிரம் பேர் சாலையைக் கடந்தார்கள். சாக்கு மூட்டையின் மேல் ஒரு குழந்தை தூங்கியது. மலை வந்தது. பனிப்பாறை உடைந்து நீரில் விழுந்தது. புல்வெளியில் காற்று அடித்தது. முழுப்படம் எண்ணிப் பார்த்தாள், இருநூறு எண்ணும் வரை காற்று மட்டும் அடித்தது. ஒரு கிழவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இப்போது பேசுவார், இப்போது பேசுவார் என்று முன்னால் சாய்ந்து காத்திருந்தாள். அவர் கண்ணைச் சிமிட்டினார். அவ்வளவுதான்; ஏரி வந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் கணக்குப் பிரிவிலிருந்து வந்த இருவரும் கொட்டாவியோடு எழுந்தார்கள். முழுப்படத்துக்குச் சாப்பாட்டு வேளை ஞாபகம் வந்தது. நாளைக்கு எதைச் சொல்வது? பக்கத்தில் திரும்பினாள். சின்னவள் எழுந்திருக்கவே இல்லை. வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, தூங்கிட்டியா?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், துணி தள்ளும் வண்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். முழுப்படம் தொண்டையைச் செருமினாள்.

"முதல்ல கடல்."

"சரி" என்றார் பாய்லர்காரர்.

"அப்புறம் உப்பளம். பொம்பளைங்க உப்பு அள்ளுறாங்க."

"அதுல கதாநாயகி யாரு?"

"கதாநாயகி எல்லாம் இல்ல. அப்புறம் ஒருத்தன் கல்லு உடைக்கிறான்."

"அவன் வில்லனா?"

"அப்புறம் எறும்பு."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சிரிப்பு வட்டமடித்தது. முழுப்படம் குரலை ஏற்றினாள், கையை வீசினாள், பனிப்பாறை விழுந்ததற்கு 'தடால்' என்று சத்தம்கூடக் கொடுத்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்ற கதைதான். பன்னிரண்டு வருஷத்தில் முதன்முறையாக, அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி எழுந்து டப்பா கழுவப் போனாள்.

அப்போது பாய்லர்காரர், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், சின்னவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயும்தானே பார்த்தே. உனக்காவது ஏதாவது புரிஞ்சுதா?"

சின்னவள் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை மூடினாள். மூடிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த உப்பு சுமக்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தி, கூடையைக் கீழ இறக்கி வெச்சதும் கழுத்தை ஒரு தடவை இப்படித் திருப்பினா. ரொம்ப மெதுவா. அதுக்கு அப்புறம்தான் மலை வந்துச்சு. மேகம் விலகினப்போ அந்த மலையும் அப்படித்தான் இருந்துச்சு. பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சூப்பர்வைசர் அம்மா தன்னை அறியாமல் கழுத்தை ஒரு முறை மெதுவாகத் திருப்பினார். உருளையில் துணி போடுகிறவள் திருப்பினாள். டப்பா கழுவிவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்று திருப்பினாள். காலையிலிருந்து ஈரத்துணி தூக்கிய எட்டுக் கழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பியதை முழுப்படம் பார்த்தாள். அவள் கழுத்து மட்டும் கல்லாக நின்றது.

"அட" என்றார் பாய்லர்காரர். "இது படம்."

அந்த 'அட' அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை கொலை, எத்தனை கல்யாணம், எத்தனை இரட்டைப் பிறவிகளைச் சொல்லியிருப்பாள்! சிரித்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் 'அட' சொன்னதில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்து, சேர்த்து வைத்து, ஒரே போடாகப் போட்டுவிட்டாளே!

அன்று மதியம் மடித்த விரிப்புகளை அவள் உதறிய உதறலில் மூலைகள் சின்னவளின் விரலை விட்டுப் பிடுங்கிக்கொண்டு பறந்தன. சின்னவள் ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்து, "பரவால்லக்கா" என்றாள். அந்தப் 'பரவால்ல' வேறு அவளை எரித்தது.

மாலையில் வீட்டுக்குப் போனதும் கணவரிடம், ஏதோ தனக்கே தோன்றியதுபோல, "நேத்து ஒரு படம் பார்த்தேன். அதுல ஒரு மலை, பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தாள்.

அவர் செய்தித்தாளை மடக்கினார். செய்தித்தாளை மடக்குவதே பெரிய விஷயம்.

"இதைத் தம்பி காலையிலயே சொன்னான். சின்னவ நேத்து ராத்திரி சொன்னாளாமே. எவ்வளவு அழகா சொல்லியிருக்கா பாரு" என்றார். மறுபடி விரித்துக்கொண்டார்.

முழுப்படம் அடுப்பங்கரைக்குப் போய், பற்றவைக்காத அடுப்பின் முன்னாலேயே கொஞ்ச நேரம் வெந்துகொண்டு நின்றாள்.

மனுஷியின் பொறாமை சும்மா இருக்குமா? ஒன்று அடுத்தவளின் பொருளைக் கெடுக்கும், இல்லாவிட்டால் தன் பொருளுக்கு முலாம் பூசும். முழுப்படம் முலாம் பூசத் தீர்மானித்தாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் எல்லாரும் உட்கார்ந்ததும், "நேத்து நான் பாதிதான் சொன்னேன். நீங்க சிரிச்சதால விட்டுட்டேன். அந்தப் படத்துல உள்ளுக்குள்ள ஒரு கதை ஓடுது. கூர்ந்து பார்த்தாத்தான் தெரியும்" என்று ஆரம்பித்தாள்.

உப்பு சுமக்கிறவள் தங்கை. கல் உடைக்கிறவன் அண்ணன். சின்ன வயசில் வெள்ளத்தில் பிரிந்துபோனவர்கள். முதலில் காட்டிய கடல், பிரித்த வெள்ளம் போய்ச் சேர்ந்த கடல். மூட்டை மேல் தூங்குகிற குழந்தை அவளுடையது. அண்ணன் நகரத்துக்குத் தேடி வருகிறான். ஆயிரம் பேர் சாலையைக் கடக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிப் போகிறார்கள், அடையாளம் தெரியவில்லை! கிழவர் யார்? அப்பா. அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் பேச்சு போய்விட்டது.

கதை மூன்று நாள் ஓடியது. பேச்சு போன அப்பாவிடம் வந்தபோது உருளைக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சூப்பர்வைசர் அம்மா சாப்பாட்டு மணி முடிந்தும் ஐந்து நிமிஷம் விட்டுக் கொடுத்தார். ராஜ்ஜியம் திரும்பிவிட்டது. அந்த மூன்று நாளும் சின்னவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். கண்ணிமைக்காமல் முழுப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று அவள் நிம்மதியாக இருந்தபோதுதான், நூலகக் கட்டடத்தின் சின்ன அரங்கில் திரைப்படக் கழகத்துக்காரர்கள் அதே படத்தை ஒரு மாதம் சனி, ஞாயிறு காலைக் காட்சியாகப் போடுகிறார்கள் என்று ஆலோசகர் அம்மா அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பாய்லர்காரர் கிளம்பிவிட்டார். தனியாகவும் போகவில்லை, மனைவியைக் கூட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் அண்ணன் தங்கை கதையைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் அவர் சலவைக்கூடத்துக்குள் நுழைந்ததே ஒரு நடையாக இருந்தது.

"அண்ணனும் வரல, தங்கச்சியும் வரல" என்றார். "என் பொண்டாட்டி ஒன்றரை மணி நேரமும் தேடினா. கடைசியில எறும்பைக் காட்டி, 'இதுதான் அண்ணனா?'ன்னு கேட்டா."

கூடம் அதிரச் சிரித்தார்கள். முழுப்படத்தின் காதுமடல் சுட்டது. "கூர்ந்து பார்க்கணும்னு சொன்னேனே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இவளும் பார்த்தாளே" என்று சூப்பர்வைசர் அம்மா சின்னவளைக் கேட்டார். "நீ சொல்லும்மா. அப்படி ஒரு அண்ணன் தங்கச்சி இருந்தாங்களா, இல்லையா?"

எல்லாரும் திரும்பினார்கள். முழுப்படம் கையிலிருந்த விரிப்பின் ஓரத்தைப் பார்த்தாள்.

"நான் நடுநடுவுல கண்ணை மூடிட்டேன்மா" என்றாள் சின்னவள். "அப்போ வந்திருக்கலாம்."

அந்தக் கழுத்தைப் பார்த்துச் சொன்னவள் கண்ணை மூடியிருக்கமாட்டாள் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். பேச்சு அதோடு நின்றது. முழுப்படத்துக்கோ, அவள் 'இல்லை, அக்கா பொய் சொன்னாங்க' என்று போட்டு உடைத்திருந்தால்கூட இந்த அளவு எரிந்திருக்காது. தன்னைவிட நன்றாகப் பார்க்கவும் தெரிகிறது, தன்னைவிட நன்றாகப் பொய் சொல்லவும் தெரிகிறது, அதையும் தனக்காகச் சொல்லியாயிற்று. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த வாரம் முழுக்க இருவருக்கும் நடுவே ஒரு பேச்சு இல்லை. ஒரு நாளைக்கு நானூறு முறை விரல்கள் தொட்டன, முகங்கள் வேறு பக்கம் பார்த்தன. சாப்பாட்டு வேளையில் முழுப்படம் தலைவலி என்று சொல்லித் தனியாகப் போய் உட்கார்ந்தாள். கதை இல்லாத சாப்பாட்டு வேளை எப்படி இருந்தது என்று கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை காலை மாமியார் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்னவ குடையை எடுத்துக்கிட்டு எங்கயோ கிளம்பிட்டா. போன வாரமும் போனா. கேட்டா படமாம். அதுவும் அதே படமாம். ஒரே படத்தை எத்தனை தடவைடியம்மா பார்ப்பாங்க?"

முழுப்படம் கையைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பினாள். என்ன தேடிப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண் அங்கே எதை எடுத்தாளோ அதைத் தானும் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை என்று கண்டுபிடித்துவிட வேண்டும்.

நூலகத்தின் பின்பக்கம் அந்த அரங்கு. நாற்பது நாற்காலிகள், ஏழு பேர். படம் ஆரம்பித்திருந்தது. முழுப்படம் கடைசி வரிசையில் உட்கார்ந்து இருட்டுக்குக் கண் பழகியதும் பார்த்தாள்: இரண்டு வரிசை முன்னால், ஓரமாக, சின்னவள். அவள் முகத்தின் ஒரு பக்கம் திரை வெளிச்சத்தில் தெரிந்தது.

முதல் பாதிப் படத்தை முழுப்படம் திரையில் பார்க்கவில்லை. அந்த முகத்தில்தான் பார்த்தாள். திரையில் நீலம் வந்தால் அந்தக் கன்னம் நீலமாயிற்று. எறும்புகள் வந்தபோது அவள் லேசாகச் சிரித்தாள். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று முழுப்படம் சட்டென்று திரையைப் பார்த்தாள்: ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய இறகைத் தூக்கிக்கொண்டு, காற்று தள்ள, நாலடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. சிரிப்பு வரத்தான் செய்தது. அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. இதுவும் அவள் பார்த்துச் சிரித்த பிறகுதானே எனக்குத் தெரிகிறது!

மூட்டை மேல் குழந்தை தூங்கியபோது சின்னவள் தலையைச் சாய்த்தாள். கல் உடைக்கிறவன் சம்மட்டியை ஓங்கியபோது அவள் தோள் ஏறி, அடி விழுந்ததும் இறங்கியது. வீட்டில் ஒரு நாளும் இவள் முகத்தில் இத்தனை போக்குவரத்தை முழுப்படம் கண்டதில்லை. கொழுந்தன்கூடக் கண்டிருப்பானா என்பது சந்தேகம்.

பிறகு கிழவர் வந்தார். திரை நிறைய முகம். இந்தத் தடவை முழுப்படம் காத்திருக்கவில்லை. அவருக்குக் கதை கட்டினாள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்திருப்பாள். மகன் கவனிக்கமாட்டான். நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு துரத்தியிருப்பான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இல்லை, மகன் நல்லவன், மருமகள்தான் சரியில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சரி, ஒருவேளை பிள்ளையே இல்லை. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதற்கும் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முழுப்படத்திடம் இருந்த கதைகள் தீர்ந்தன. தீர்ந்த பிறகும் அந்த முகம் இருந்தது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் தினமும் கடந்துபோகிற பெஞ்சுகள் நினைவுக்கு வந்தன. உள்ளே யாரையோ படுக்க வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள். வண்டி கடக்கிற நேரத்துக்குள் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை கட்டிவிடுவாள். 'இவள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவள், இவன் குடிகாரன்.' அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட இப்படி, கதை தீர்ந்துபோகிற வரைக்கும், அவள் பார்த்ததில்லை. கிழவர் கண்ணைச் சிமிட்டினார். ஏரி வந்தது. அந்த முகத்தைப் பார்த்த கண்ணோடேயே அவள் ஏரியைப் பார்த்தாள். அதுவும் யாருக்காகவோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. மறுபடி வந்த புல்வெளிக் காற்றை இந்தத் தடவை அவள் எண்ணவில்லை.

விளக்கு வந்ததும் சின்னவள் திரும்பினாள். திடுக்கிட்டாள்.

"அக்கா! நீங்களா?"

"ஏன், நான் வரக்கூடாதா? உனக்கு மட்டும்தான் எழுதி வெச்சிருக்கா?"

இருவரும் வெளியே வந்து, நூலகப் படிக்கட்டின் ஓரத்திலிருந்த இயந்திரத்தில் ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பை டீ பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துப் பேச்சு நடுவில் கிடந்தது. யார் முதலில் எடுப்பது?

முழுப்படம்தான் எடுத்தாள். "நேராவே கேக்கறேன். மூணு தடவை பார்க்க இதுல உனக்கு என்னடி இருக்கு?"

சின்னவள் வெகு நேரம் டீயை ஊதினாள். "சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு எந்தப் படமும் புரியாதுக்கா. யாரு யாரோட புருஷன், யாரு யாரை ஏமாத்தினாங்க, பாதிப் படத்துல எல்லாம் கலைஞ்சு போயிடும். பக்கத்துல கேட்டா திட்டுவாங்க. அதான் சின்ன வயசுலேர்ந்தே நான் படத்துக்குப் போறதில்ல. இந்தப் படத்துல மறந்துபோக ஒண்ணும் இல்ல. வர்றதைப் பார்த்தா போதும். நிம்மதியா இருந்துச்சு."

முழுப்படம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ ஆறு வருஷமா நான் சொன்ன கதையெல்லாம்?"

"ஒண்ணுகூடப் புரிஞ்சதில்லக்கா."

"ஒண்ணுகூடவா?"

"ஆனா நான் ஒரு நாளும் எழுந்து போகலையே. நீங்க சொல்லும்போது உங்க கையைத்தான் பார்த்துட்டு இருப்பேன். அழற இடம் வந்தா உங்க சுண்டு விரல் முன்னாடியே மடங்கிடும். அதை வெச்சுத்தான் நான் தெரிஞ்சுக்குவேன், இப்போ எல்லாரும் அழப்போறாங்கன்னு."

முழுப்படத்துக்குச் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஆறு வருஷம், வாரத்துக்கு ஒரு படம். தொண்டை வறளச் சொன்ன அத்தனையும் இவள் காதுக்குள் போகவே இல்லை. அதே சமயம், கட்டின புருஷன் பதினெட்டு வருஷத்தில் பார்க்காத சுண்டு விரலை இவள் பார்த்திருக்கிறாள். தன் விரலைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டாள். தன்னிடம் இருந்ததைக்கூடத் தனக்கு முன்னால் இவள் கண்டுபிடித்துவிட்டாள் என்ற எரிச்சல் அதோடு சேர்ந்துகொண்டது.

"அந்தக் கிழவரைப் பத்தி நீ என்ன நினைச்சே?" என்று பேச்சை மாற்றினாள். கேட்கும்போதே, இவள் ஏதாவது அழகாகச் சொல்லித் தொலைக்கப்போகிறாள் என்று பயந்தாள்.

"எந்தக் கிழவர்?" சின்னவள் யோசித்தாள். "ஓ, அவரா? அவர் வந்தா எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கும். நம்மளையே பார்க்கிறாரே. நான் குனிஞ்சுப்பேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

டீ அப்போதுதான் முழுப்படத்துக்கு இனித்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் அவள் தலைவலி சொல்லவில்லை. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள். "அண்ணன் தங்கச்சி நான் கட்டினது. படத்துல அப்படி யாரும் இல்ல" என்றாள். பாய்லர்காரர் வாயைத் திறந்தார். "எறும்பு பேச்சை எடுத்தீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்" என்று முன்கூட்டியே அடைத்தாள். பிறகு கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவருக்கு ஒவ்வொரு கதையாகப் போட்டுப் பார்த்ததையும், எதுவும் ஒட்டாமல் கீழே விழுந்ததையும், கடைசியில் முகம் மட்டும் மிஞ்சியதையும் சொன்னாள். குரலை மாற்றவில்லை. அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

எல்லாருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. "அடுத்த வாரம் கதை இருக்கிற படமா பார்த்துட்டு வா தாயே" என்று உருளைக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். பாய்லர்காரர் 'அட' சொல்லவில்லை. முழுப்படம் அதற்காக ஓரக்கண்ணால் காத்திருந்தது உண்மை. ஆனால் மணி அடித்த பிறகு, சூப்பர்வைசர் அம்மா பதிவேட்டைப் பார்த்தபடியே, "எங்கப்பா கடைசி மாசத்துல அப்படித்தான் பார்த்துக்கிட்டு இருந்தார். நான் என்ன வேணும், என்ன வேணும்னு கேட்டுட்டே இருந்தேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் திரைப்படக் கழகத்துச் சனிக்கிழமைக் காட்சிகளுக்குச் சேர்ந்தே போகத் தொடங்கினார்கள். கதை உள்ள படமாக இருந்தால் யார் யாருடைய புருஷன் என்று முழுப்படம் காதோடு சொல்லிக்கொண்டே வருவாள். கதை இல்லாததாக இருந்தால் இருவரும் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கு ஆள் திருட்டுத்தனமாக மற்றவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கவனித்துக்கொள்வார்கள். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது அவளைப் பற்றிச் சொன்ன முதல் பொய்யாகிவிடும். சின்னவள் ஏதாவது ஒன்றைச் சொல்லும்போதெல்லாம் அவள் நெஞ்சுக்குள் இன்னும் ஒரு ஊசி ஏறி இறங்கத்தான் செய்தது.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ரயில் நிலையங்களையும் காடுகளையும் மாற்றி மாற்றிக் காட்டுகிற ஒரு படம் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முழுப்படம் கேட்டாள்: "அந்த நடைமேடை கூட்டுற பொம்பளை, தூங்கிட்டு இருந்த நாயைச் சுத்தி வளைச்சுக் கூட்டிட்டுப் போனாளே. அப்புறம் காட்டுல ஆறு வந்துச்சே, அதுவும் ஒரு பாறையை அப்படித்தான் வளைச்சுட்டுப் போச்சு. பார்த்தியா?"

சின்னவள் திரும்பினாள். "எப்போ வந்துச்சு?"

"பாதிக்கு மேல."

"நாய் இருந்துச்சா?"

"நல்ல கறுப்பு நாய்."

அடுத்த நிறுத்தம் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு முன் இருக்கையின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், "அதை நான் எப்படிக்கா விட்டேன்?" என்றாள். குரல் உடைந்தே இருந்தது. "நாளைக்கும் போடுவாங்கல்ல? நான் மறுபடி போறேன்."

"போய்ட்டு வா" என்றாள் முழுப்படம் மிகவும் பெருந்தன்மையாக. கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். சிரிப்பு வெளியே தெரிந்துவிடக் கூடாது.